ஈகேஎஸ் கிளஸ்டரில் கண்காணிப்பு ஏஜென்ட்: நிறுவுவது முதல் முதல் அலெர்ட் வரை

குபர்நெட்டிஸ் கிளஸ்டரை (கன்டெய்னர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டும் இயந்திரங்களின் கூட்டம்) எழுப்பி, அதில் அப்ளிகேஷனை ஓடவிட்டிருக்கிறீர்கள். மறுநாள் யாரோ "சைட் ரொம்ப மெதுவா இருக்கே" என்கிறார். எந்த நோடிலாவது (கிளஸ்டரில் உள்ள ஓர் இயந்திரம்) மெமரி தீர்ந்துவிட்டதா, டிஸ்க் நிறைந்துவிட்டதா, ஒரே ஒரு கன்டெய்னர் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறதா? கண்காணிப்பு இல்லாத கிளஸ்டரில் இவற்றுக்கெல்லாம் ஊகம்தான் பதில். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான ஈகேஎஸ் கிளஸ்டரில், பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் தொகுப்பை, குபர்நெட்டிஸில் மென்பொருள் நிறுவும் கருவியான ஹெல்ம் மூலம் நிறுவுவதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். கூகுளின் ஜிகேஇ, மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெல்ம் "டிப்ளாய்டு" என்று காட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். எத்தனை நோடு இருக்கிறதோ அத்தனை ஏஜென்ட் ஓடுகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்கி, அதன் அலெர்ட் ஒரு மனிதர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நடந்த பிறகுதான் அந்தக் கிளஸ்டர் கண்காணிப்பில் இருக்கிறது என்பேன். அதனால் சரிபார்க்கும் பகுதி இங்கே நீளமாக இருக்கும்.

எது எங்கே ஓடுகிறது

பிராமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கிய திட்டம். 2016இல் சிஎன்சிஎஃப் என்ற திறந்த மூல அமைப்பில் சேர்ந்தது; அங்கே குபர்நெட்டிஸுக்கு அடுத்து வந்த இரண்டாவது திட்டம் இதுதான். குபர்நெட்டிஸின் உள்பாகங்களே பிராமிதியஸ் படிக்கும் வடிவத்தில்தான் தங்கள் அளவீடுகளைத் தருகின்றன. புதியவர்களுக்கு இதையே பரிந்துரைக்க அதுதான் காரணம்.

தகவல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. நோடு எக்ஸ்போர்ட்டர் என்ற சின்ன நிரல் (நாம் ஏஜென்ட் என்பது இதைத்தான்) ஒவ்வொரு நோடிலும் ஓடி, அந்த இயந்திரத்தின் சிபியூ, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் நிலையை 9100ஆம் போர்ட்டில் வைக்கும். கன்டெய்னர்களின் கணக்கு, நோடில் ஏற்கெனவே இருக்கும் கியூப்லெட் என்ற குபர்நெட்டிஸ் நிரலுக்குள் உள்ள சிஅட்வைசர் என்ற பாகத்திடமிருந்து 10250ஆம் போர்ட் வழியே கிடைக்கும். எத்தனை பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுதி) ஓட வேண்டும், எத்தனை ஓடுகின்றன, எத்தனை முறை ரீஸ்டார்ட் ஆயின என்ற கணக்கைக் கியூப் ஸ்டேட் மெட்ரிக்ஸ் தரும். அது கிளஸ்டருக்கு ஒன்று போதும்.

நோடு எக்ஸ்போர்ட்டரை வீட்டுக்கு வீடு இருக்கும் மின் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் தானாக எதையும் அனுப்பாது; கணக்கெடுப்பவர் வந்து படித்துப் போவார். இங்கே அந்த வேலையைப் பிராமிதியஸ் சர்வர் செய்கிறது. தொகுப்பின் இயல்பு அமைப்பில் 30 வினாடிக்கு ஒருமுறை எல்லா நோடுகளையும் சுற்றி வந்து படித்துச் சேமிக்கும். இந்த "வந்து படிக்கும்" முறை மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் எளிதாகப் புரியும். பிராமிதியஸிலிருந்து நோடின் 9100ஆம் போர்ட்டுக்குப் பாதை திறந்திருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

நோடுக்கு ஒன்று என்று ஓட வேண்டியவற்றைக் குபர்நெட்டிஸில் டீமன்செட் என்ற வகையில் எழுதுவார்கள். புது நோடு சேர்ந்தால் அதில் ஏஜென்ட் தானாக ஏறும். நோடு போனால் அதுவும் போகும்.

படி 1: கை வைப்பதற்கு முன்

உங்கள் கணினியில் ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ, கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் கியூப்சிடிஎல், ஹெல்ம் மூன்றும் இருக்க வேண்டும். ஹெல்ம் பதிப்பு 3 அல்லது அதற்குப் பிந்தையது.

முதலில் "கியூப்சிடிஎல் கான்ஃபிக் கரன்ட் கான்டெக்ஸ்ட்" ஓட்டி, நீங்கள் நிற்பது எந்தக் கிளஸ்டரில் என்று உறுதி செய்யுங்கள். இரண்டு வினாடி வேலை. பயிற்சிக் கிளஸ்டர் என்று நினைத்துப் புரொடக்‌ஷனில் நிறுவுவதை இது தடுக்கும். அடுத்து "கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்" ஓட்டி, வரும் எண்ணிக்கையை எங்காவது குறித்து வையுங்கள். இந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப வருவோம்.

நோடுகளின் பெயர் "ஃபார்கேட்" என்று தொடங்கினால் நின்று யோசியுங்கள். ஈகேஎஸ் ஃபார்கேட்டில் டீமன்செட் ஓடாது. அங்கே நீங்கள் தொடக்கூடிய இயந்திரம் என்று எதுவும் இல்லாததால் நோடு எக்ஸ்போர்ட்டருக்கும் வேலையில்லை. ஏகேஎஸ்ஸின் வர்ச்சுவல் நோடுகளிலும் இதே நிலை. ஜிகேஇ ஆட்டோபைலட், பாட் தன் நோடின் நெட்வொர்க்கையே பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க்கை அனுமதிக்காது. ஹோஸ்ட் ஃபோல்டர்களை மவுன்ட் செய்வதையும் பெரும்பாலும் தடுக்கும். அப்படிப்பட்ட இடங்களில் அந்தந்த கிளவுடின் சொந்தக் கண்காணிப்புச் சேவையே நல்ல வழி.

இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. ஈகேஎஸ்ஸின் வழக்கமான நெட்வொர்க் அமைப்பில் ஒரு நோடில் எத்தனை பாட் ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த இயந்திர வகைக்கு எத்தனை நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஐபி என்பதை வைத்து அது கணக்கிடப்படுகிறது. டி3 மீடியம் வகைக்கு 3 இன்டர்ஃபேஸ், ஒவ்வொன்றிலும் 6 ஐபி. இன்டர்ஃபேஸுக்கு ஒரு ஐபி கழித்து 2 கூட்டினால் 17 பாட். அதில் ஏடபிள்யூஎஸ் நோடு, கியூப் ப்ராக்ஸி, ஈபிஎஸ் சிஎஸ்ஐ நோடு என்று ஒவ்வொரு நோடிலும் சில இடங்கள் ஏற்கெனவே போயிருக்கும். நோடு எக்ஸ்போர்ட்டர் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓடுவதால் அதற்குத் தனி ஐபி தேவையில்லை. ஆனாலும் 17இல் ஓரிடம் அதற்குப் போகும். "கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் நோடு" ஓட்டி, அலோகேட்டபிள் பகுதியில் உள்ள பாட் எண்ணிக்கையையும் இப்போது ஓடும் பாட்களையும் ஒப்பிடுங்கள்.

படி 2: சேமிப்பிடம்

கியூப் பிராமிதியஸ் ஸ்டாக் என்ற ஹெல்ம் சார்ட்டைத்தான் (நிறுவத் தயாரான தொகுப்பு) நிறுவப் போகிறோம். அதை அப்படியே நிறுவினால் பிராமிதியஸின் தரவு பாட்டோடு சேர்ந்த தற்காலிக இடத்தில்தான் எழுதப்படும். அந்தப் பாட் வேறு நோடுக்கு மாறினால் அதுவரை சேர்ந்த வரலாறு முழுவதும் அழிந்துவிடும். கோளாறு நடந்த நேரத்தில்தான் பாட்கள் இடம் மாறும். அந்த நேரத்து வரலாறுதான் உங்களுக்கு வேண்டியதும். அதனால் நிலையான டிஸ்க் கட்டாயம்.

ஈகேஎஸ்ஸில் அதற்கு, அமேசானின் டிஸ்க் சேவையான ஈபிஎஸ்ஸிலிருந்து டிஸ்க் எடுத்துத் தரும் ஈபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவர் என்ற ஆட்ஆன் வேண்டும். குபர்நெட்டிஸ் 1.23 பதிப்பிலிருந்து இது இல்லாமல் ஈபிஎஸ் டிஸ்க் உருவாகாது. ஆட்ஆனை நிறுவும்போது, டிஸ்க் உருவாக்கும் அனுமதியுள்ள ஐஏஎம் ரோலையும் (ஏடபிள்யூஎஸ் அனுமதிகளின் தொகுப்பு) அதனுடன் இணையுங்கள். ரோலை மறந்தால் டிரைவர் ஓடுவதுபோலவே தெரியும்; டிஸ்க் கேட்கும்போது மட்டும் எதுவும் நடக்காது.

பிறகு "கியூப்சிடிஎல் கெட் ஸ்டோரேஜ்கிளாஸ்". 1.30 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் ஈகேஎஸ் கிளஸ்டர்களில் எந்த ஸ்டோரேஜ்கிளாஸும் (எந்த வகை டிஸ்க் உருவாக்க வேண்டும் என்ற வரையறை) இயல்பானதாகக் குறிக்கப்பட்டிருக்காது. பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஜிபி3 வகையில் ஒரு ஸ்டோரேஜ்கிளாஸ் எழுதி, வால்யூம் பைண்டிங் மோடை "வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்" என்று வையுங்கள். ஈபிஎஸ் டிஸ்க் ஓர் அவைலபிலிட்டி ஸோனுக்குள் அடங்கியது. பாட் எந்த ஸோனில் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு டிஸ்க் பிறந்தால்தான் இரண்டும் ஒரே ஸோனில் அமையும்.

எவ்வளவு டிஸ்க்? பிராமிதியஸ் ஒரு அளவீட்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட் எடுத்துக்கொள்ளும். உதாரணமாக உங்களிடம் 1,00,000 டைம் சீரிஸ் (தனித்தனியாகத் தொடர்ந்து சேமிக்கப்படும் அளவீட்டு வரிசைகள்) இருந்து, 30 வினாடிக்கு ஒருமுறை படித்தால், வினாடிக்கு சுமார் 3,333 அளவீடு, நாளுக்கு 28.8 கோடி; 15 நாளுக்கு 432 கோடி. இரண்டு பைட் வீதம் சுமார் 8.6 ஜிபி. இதற்கு 20 ஜிபி கொடுத்தால் மூச்சுவிட இடம் இருக்கும்.

படி 3: வேல்யூஸ் ஃபைல்

கட்டளை வரியில் நீளநீளமாக அமைப்புகளைக் கொடுக்காமல், எல்லாவற்றையும் ஒரு யாமல் ஃபைலில் எழுதி, பதிப்புகளைக் காக்கும் கிட் (Git) ரெப்போவில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இதைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் அது உதவும்.

அதில் நான் கட்டாயம் வைப்பவை இவை. பிராமிதியஸுக்கு 15 நாள் ரிடென்ஷன் (தரவை வைத்திருக்கும் காலம்), அதோடு டிஸ்க் அளவைவிடக் கொஞ்சம் குறைவான ரிடென்ஷன் சைஸ். நாள் கணக்கு மட்டும் வைத்தால், சீரிஸ் திடீரென்று பெருகும் நாளில் டிஸ்க் நிறைந்து பிராமிதியஸே நின்றுவிடும். அடுத்து ஸ்டோரேஜ் ஸ்பெக் பகுதியில் நாம் உருவாக்கிய ஸ்டோரேஜ்கிளாஸின் பெயரும் 20 ஜிபியும்.

கிளஸ்டரை நிர்வகிக்கும் உள்பாகங்களான கியூப் கன்ட்ரோலர் மேனேஜர், கியூப் ஷெட்யூலர், கியூப் எட்சிடி மூன்றையும் "எனேபிள்டு: ஃபால்ஸ்" ஆக்குங்கள். ஈகேஎஸ்ஸில் இவை அமேசானின் பொறுப்பில் வேறிடத்தில் ஓடுகின்றன. உங்கள் பிராமிதியஸால் அவற்றை இந்த வழியில் எட்ட முடியாது. நிறுத்தாமல் விட்டால் முதல் நாளிலிருந்தே "ஷெட்யூலர் டவுன்" என்ற பொய் அலெர்ட் எரிந்துகொண்டே இருக்கும். தினமும் பொய் அலெர்ட் பார்க்கும் குழு மெய்யான அலெர்ட்டையும் கவனிக்காமல் விட்டுவிடும்.

நோடு எக்ஸ்போர்ட்டருக்கு "சிஸ்டம் நோடு கிரிட்டிகல்" என்ற பிரையாரிட்டி கிளாஸ் கொடுங்கள். நோடு நிரம்பியிருந்தால் முன்னுரிமை குறைந்த பாட் ஒன்றை இறக்கிவிட்டு ஏஜென்ட் ஏறும். மெமரி தட்டுப்பாடு வரும்போது முதலில் வெளியேற்றப்படுவது கண்காணிப்பாக இருக்கக் கூடாது.

கடைசியாக, சர்வீஸ்மானிட்டர் செலக்டர் பற்றிய அமைப்பு. எந்தச் சேவையைப் பிராமிதியஸ் படிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புதான் சர்வீஸ்மானிட்டர். இயல்பில், ஹெல்ம் ரிலீஸின் பெயரை "ரிலீஸ்" லேபிளாகக் கொண்ட சர்வீஸ்மானிட்டர்களை மட்டுமே இந்த பிராமிதியஸ் எடுத்துக்கொள்ளும். உங்கள் சொந்த அப்ளிகேஷனுக்கு சர்வீஸ்மானிட்டர் எழுதி, எந்தப் பிழையும் வராமல், டார்கெட் பட்டியலில் மட்டும் அது தெரியாமல் போனால் பெரும்பாலும் இந்த லேபிள்தான் காரணம். லேபிளைச் சேர்க்கலாம், அல்லது "சர்வீஸ்மானிட்டர் செலக்டர் நில் யூசஸ் ஹெல்ம் வேல்யூஸ்" என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம். சின்னக் குழுவுக்கு இரண்டாவதே வசதி.

படி 4: நிறுவுதல்

பிராமிதியஸ் கம்யூனிட்டியின் ஹெல்ம் ரெப்போவைச் சேர்த்து அப்டேட் செய்யுங்கள். "மானிட்டரிங்" என்று ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) உருவாக்குங்கள். உங்கள் நிறுவனம் பாட் செக்யூரிட்டி விதிகளைக் கட்டாயமாக்கியிருந்தால், இந்த நேம்ஸ்பேஸுக்கு மட்டும் "பிரிவிலேஜ்டு" நிலை வேண்டும். நோடு எக்ஸ்போர்ட்டர் ஹோஸ்ட் நெட்வொர்க்கையும், படிக்க மட்டும் என்ற முறையில் ஹோஸ்டின் ஃபைல் அமைப்பையும் கேட்கிறது. "பேஸ்லைன்" நிலை அதை மறுத்துவிடும். வேறு எந்த வேலையையும் இந்த நேம்ஸ்பேஸில் வைக்காதீர்கள்.

பிறகு "ஹெல்ம் அப்கிரேட்" கட்டளையை "இன்ஸ்டால்" கொடியோடு, வேல்யூஸ் ஃபைலையும் சார்ட்டின் பதிப்பு எண்ணையும் கொடுத்து ஓட்டுங்கள். முதல்முறை நிறுவவும், பின்னால் மாற்றவும் இதே வரி போதும். பதிப்பு எண்ணைக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாமலே புதிய பெரிய பதிப்புக்குத் தாவிவிடலாம். ஹெல்ம் சிஆர்டிகளை (சர்வீஸ்மானிட்டர் போன்ற புதுப் பொருள் வகைகளின் வரையறைகள்) முதல்முறை மட்டுமே நிறுவும், அப்கிரேடில் தொடாது. எனவே பெரிய பதிப்பு மாறும்போது சார்ட்டின் குறிப்பைப் படித்து, சிஆர்டிகளை முதலில் கையால் புதுப்பிக்க வேண்டும்.

படி 5: எண்ணிப் பார்த்தல்

"கியூப்சிடிஎல் கெட் டீமன்செட்" என்று மானிட்டரிங் நேம்ஸ்பேஸில் கேளுங்கள். டிசையர்டு, கரன்ட், ரெடி என்று எண்கள் வரும். மூன்றும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அது போதாது. டிசையர்டு என்பது ஏஜென்ட் ஏறத் தகுதியுள்ள நோடுகளின் எண்ணிக்கை மட்டுமே. விலக்கப்பட்ட நோடுகள் அதில் சேராது. இந்தச் சார்ட்டின் நோடு எக்ஸ்போர்ட்டர் "நோஷெட்யூல்" டெயின்ட்டை (பாட்களை ஏறவிடாமல் தடுக்க நோடில் வைக்கும் குறி) பொறுத்துக்கொள்ளும். "நோஎக்ஸிக்யூட்" டெயின்ட் உள்ள நோடுகளில் ஏறாது. அந்தக் குறியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் டாலரேஷனை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். படி 1இல் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

பாட் பென்டிங்கில் நின்றால் "கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் பாட்" ஓட்டி ஈவென்ட்ஸ் பகுதியைப் படியுங்கள். "டூ மெனி பாட்ஸ்" என்றால் நாம் பேசிய 17 கணக்கு. போர்ட் காலியில்லை என்றால், 9100இல் வேறொரு நோடு எக்ஸ்போர்ட்டர் ஏற்கெனவே ஓடுகிறது. பெரும்பாலும் உங்களுக்கு முன் யாரோ நிறுவியது. அதை வைத்திருப்பதா எடுப்பதா என்று குழுவில் கேட்டு முடிவெடுங்கள்.

எல்லாப் பாட்டும் ரெடி என்றான பின், பிராமிதியஸின் 9090ஆம் போர்ட்டை "போர்ட் ஃபார்வர்ட்" மூலம் உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து டார்கெட்ஸ் பக்கத்தைத் திறங்கள். நோடு எக்ஸ்போர்ட்டர் வரிசையில் பிராமிதியஸ் இருக்கும் அதே நோடு மட்டும் பச்சையாகவும், மற்றவை "கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட்" என்று சிவப்பாகவும் இருந்தால், பாட்டில் தவறில்லை. நோடுகளுக்கு நீங்களோ உங்கள் டெராஃபார்மோ (உள்கட்டமைப்பை உருவாக்கும் கருவி) தனி செக்யூரிட்டி குரூப் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபயர்வால் விதிகள்) வைத்து, நோடுக்கும் நோடுக்கும் இடையில் 9100ஐ மூடியிருக்கிறீர்கள். அந்தக் குரூப்புக்குள்ளேயே மட்டும் அந்தப் போர்ட்டைத் திறங்கள். இணையம் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள். உங்கள் இயந்திரங்களைப் பற்றி வெளியாருக்குச் சொல்லத் தேவையில்லாத பல விவரங்கள் அங்கே இருக்கின்றன.

இந்த எண்ணிக்கைச் சோதனையைக் கையால் ஒருமுறை செய்து விட்டுவிடாமல் அலெர்ட்டாகவே எழுதிவிடலாம். கியூப் நோடு இன்ஃபோ என்ற அளவீட்டின் கவுன்ட், கிளஸ்டரில் உள்ள நோடுகளின் எண்ணிக்கை. நோடு எக்ஸ்போர்ட்டர் ஜாபில் "அப்" மதிப்பு 1 ஆக உள்ளவற்றின் கவுன்ட், பதில் சொல்லும் ஏஜென்ட்களின் எண்ணிக்கை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, விடை 10 நிமிடத்துக்கு மேல் பூஜ்ஜியத்தைத் தாண்டி இருந்தால் அலெர்ட். ஒரு நுணுக்கம்: எல்லா ஏஜென்ட்டும் ஒரேயடியாக விழுந்தால் இரண்டாவது கவுன்ட் பூஜ்ஜியம் ஆகாது, வெறுமையாகிவிடும், கழித்தலுக்கும் விடை வராது, அலெர்ட்டும் வராது. அதனால் இரண்டாவது கவுன்ட்டோடு "ஆர் வெக்டர் 0" என்று சேர்த்து எழுதுங்கள்.

படி 6: கிராஃபானாவில் முதலில் எதைப் பார்ப்பது

அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவையும் போர்ட் ஃபார்வர்ட் மூலமே திறங்கள். அவசரத்துக்கு லோட் பேலன்சர் போட்டு வெளியே விடுவது வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டை வேல்யூஸ் ஃபைலில் எழுதாமல் சீக்ரெட்டிலிருந்து எடுக்கும்படி அமையுங்கள்.

தயாராக வரும் டாஷ்போர்டுகள் ஏராளம். புதியவர்களுக்கு நான் காட்டுவது சிலவற்றைத்தான். நோடின் மெமரிக்கு "மெம் ஃப்ரீ" பார்க்காமல் "மெம் அவைலபிள்" பாருங்கள். லினக்ஸ் காலி மெமரியைக் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்வதால் ஃப்ரீ எப்போதும் குறைவாகவே தெரிந்து வீணாகப் பயமுறுத்தும். கன்டெய்னரின் மெமரிக்கு "வொர்க்கிங் செட்" அளவீட்டை அதன் லிமிட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கியிருந்து, பாட் 137 என்ற எக்ஸிட் கோடோடு விழுந்திருந்தால், பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. சிபியூ பயன்பாடு குறைவாகத் தெரிந்தும் அப்ளிகேஷன் மெதுவாக இருந்தால் த்ராட்டில் அளவீட்டைப் பாருங்கள். சிபியூ லிமிட் இறுக்கமாக இருப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

படி 7: அலெர்ட் யாருக்குப் போகிறது

இந்தச் சார்ட்டில் அலெர்ட் விதிகள் நிறைய தயாராகவே வருகின்றன. ஆனால் அலெர்ட்களை ஆட்களுக்கு அனுப்பும் அலெர்ட்மேனேஜரின் இயல்பு ரிசீவர் "நல்" (null), அதாவது வெறுமை. விதிகள் எரியும், பக்கத்தில் சிவப்பாகத் தெரியும், யாருக்கும் போகாது. நிறுவி மாதக்கணக்கில் ஓடும் கிளஸ்டர்களிலும் இது அப்படியே கிடக்கும். வேல்யூஸ் ஃபைலில் அலெர்ட்மேனேஜரின் கான்ஃபிக் பகுதியில் ஸ்லாக், மின்னஞ்சல் என்று உங்கள் குழு உண்மையில் பார்க்கும் இடத்தை ரிசீவராக எழுதுங்கள். இரவில் எழுப்ப வேண்டியதையும் காலையில் பார்த்தால் போதும் என்பதையும் சிவியாரிட்டி லேபிளை வைத்துப் பிரியுங்கள்.

இப்போது சோதனை. டீஃபால்ட் நேம்ஸ்பேஸில் பிஸிபாக்ஸ் இமேஜை வைத்து, "ஃபால்ஸ்" கட்டளையை மட்டும் ஓட்டும் ஒரு டிப்ளாய்மென்ட் உருவாக்குங்கள். அது தொடங்கியதும் தோல்வியில் முடியும், மீண்டும் தொடங்கும், கிராஷ் லூப்பில் விழும். "கியூப் பாட் கிராஷ் லூப்பிங்" விதி 15 நிமிடம் காத்திருந்துதான் எரியும், பொறுமையாக இருங்கள். செய்தி குழுவின் திரைக்கு வந்தால் டிப்ளாய்மென்ட்டை நீக்கிவிடலாம். வரவில்லை என்றால் பிராமிதியஸின் அலெர்ட்ஸ் பக்கத்தில் எரிகிறதா, அலெர்ட்மேனேஜருக்கு வந்ததா, ரிசீவரில் பிழையா என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

"வாட்ச்டாக்" என்ற அலெர்ட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்து அதை அணைக்கப் போகாதீர்கள். அது வேண்டுமென்றே எரிவது. பிராமிதியஸே விழுந்துவிட்டால் யார் சொல்வது? வாட்ச்டாக்கைக் கிளஸ்டருக்கு வெளியே உள்ள ஹார்ட்பீட் சேவை ஒன்றுக்கு அனுப்புங்கள். அந்தச் செய்தி வருவது நின்றால் அந்தச் சேவை உங்களை அழைக்கும்.

பயிற்சிக்காக நிறுவியவர்களுக்கு

வேலை முடிந்து "ஹெல்ம் அன்இன்ஸ்டால்" செய்தால் பாட்கள் போய்விடும், டிஸ்க் போகாது. மானிட்டரிங் நேம்ஸ்பேஸில் உள்ள பிவிசிக்களை (பாட்கள் டிஸ்க் கேட்ட பதிவுகள்) பட்டியலிட்டு நீக்குங்கள். பிறகு ஏடபிள்யூஎஸ் கன்சோலில் ஈபிஎஸ் பக்கத்தில் "அவைலபிள்" நிலையில் ஏதாவது டிஸ்க் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு மாதாமாதம் பில் வரும். சிஆர்டிகளும் தங்கிவிடும். மீண்டும் நிறுவும் எண்ணம் இருந்தால் விட்டுவிடலாம், இல்லையென்றால் "மானிட்டரிங்.கோர்ஓஎஸ்.காம்" என்று முடியும் சிஆர்டிகளைத் தேடி நீக்குங்கள். அதே கிளஸ்டரில் வேறு குழுவும் பிராமிதியஸ் ஆபரேட்டர் வைத்திருந்தால் மட்டும் அவற்றைத் தொடாதீர்கள். சிஆர்டியை நீக்கினால் அவர்களுடைய சர்வீஸ்மானிட்டர்களும் அலெர்ட் விதிகளும் சேர்ந்தே அழிந்துவிடும்.